பயாப்சியில் ‘மினிமல் சேஞ்ச்’ என்று வந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு ஏன் கேட்கவில்லை?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு தந்தை. அவருடைய நான்கு வயது மகளுக்கு முகமும் காலும் வீங்க, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரோட்டீன் கொட்டி உடல் வீங்கும் நோய்) என்று கண்டுபிடித்து ஆறு வாரம் தினமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரில் புரோட்டீன் மூன்று பிளஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. பயாப்சி செய்தார்கள். ரிப்போர்ட்டில் 12 குளோமருலஸ் (இரத்தத்தை வடிகட்டும் முடிச்சு). ஒன்று முழுக்கத் தழும்பாகியிருக்கிறது, மற்ற பதினொன்றும் இயல்பு. இம்யூனோஃப்ளோரசன்ஸில் எதுவும் படியவில்லை. முடிவு ‘மினிமல் சேஞ்ச்’. இணையத்தில் தேடினால் மினிமல் சேஞ்ச் என்பது நல்ல வகை, ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை, ரிப்போர்ட் தப்பா, திரும்பவும் பயாப்சி எடுக்கச் சொல்லலாமா என்கிறார். டாக்டர் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் ஆரம்பித்திருக்கிறார், மரபணுப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் மூன்று கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: அந்த ஒரு தாளை எவ்வளவு தூரம் நம்பலாம்? அதை எழுதும் பக்கத்தில் இருப்பவன் நான். பல வருடங்களாகச் சிறுநீரக பயாப்சி ஸ்லைடு பார்ப்பதுதான் வேலை. குழந்தைகளுக்கு மருந்து எழுதுபவன் இல்லை. உங்கள் மகளின் ஸ்லைடையும் நான் பார்க்கவில்லை. அதனால் மருந்தின் அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் குழந்தைச் சிறுநீரக மருத்துவர் சொல்வதுதான். ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கலாம். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இன்று ஆரம்பத்தில் பயாப்சி செய்வதில்லை. நேராக ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கிறார்கள். இது அலட்சியம் அல்ல. 1967இல் தொடங்கிய ஒரு பன்னாட்டு ஆய்வில், மருந்து கொடுப்பதற்கு முன்பே 521 குழந்தைகளுக்கு பயாப்சி செய்து பார்த்தார்கள். அதில் முக்கால் பங்குக்கும் சற்று அதிகமான குழந்தைகளுக்கு மினிமல் சேஞ்ச். மினிமல் சேஞ்ச் இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஸ்டீராய்டுக்குக் கேட்டது. எஃப்.எஸ்.ஜி.எஸ். என்ற தழும்பு வகையில் கேட்டது சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான். இணையத்தில் நீங்கள் படித்த ‘நல்ல வகை’ என்ற பேச்சு இந்த எண்களிலிருந்து வந்தது.

அதே ஆய்வைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். ஸ்டீராய்டுக்குக் கேட்காத குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்தால், அவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு பயாப்சியில் மினிமல் சேஞ்ச்தான் இருந்தது. பல வருடம் கழித்து, பல நாடுகளிலிருந்து ஸ்டீராய்டுக்குக் கேட்காத குழந்தைகளைச் சேர்த்த போடோநெட் பதிவேட்டிலும் கணக்கு ஏறத்தாழ அப்படியேதான்: பயாப்சி செய்தவர்களில் 56 சதவீதம் எஃப்.எஸ்.ஜி.எஸ்., 21 சதவீதம் மினிமல் சேஞ்ச், 12 சதவீதம் மெசாஞ்சியல் செல்கள் (குளோமருலஸின் நுண்குழல்களுக்கு நடுவே இருப்பவை) பெருகிய வகை. ஆக, ஸ்டீராய்டுக்குக் கேட்காத ஐந்து குழந்தைகளில் ஒருவருக்கு உங்கள் மகளுக்கு வந்த ரிப்போர்ட்தான் வருகிறது. அது அபூர்வமும் இல்லை, முரண்பாடும் இல்லை. மினிமல் சேஞ்ச் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு கேட்கும் என்பது உண்மை. அதற்காக, கேட்காதவர்களிடம் மினிமல் சேஞ்ச் இருக்காது என்று ஆகிவிடாது.

‘கேட்கவில்லை’ என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி., அதிகபட்சம் 60 மி.கி. என்ற அளவில் தினமும் பிரெட்னிசோலோன் கொடுத்து ஆறு வாரத்தில் புரோட்டீன் நிற்காவிட்டால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வது இந்தியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவச் சங்கத்தின் வழக்கம். பன்னாட்டுச் சங்கத்தின் 2020 வழிகாட்டி நான்கு வாரத்தில் சந்தேகப்படச் சொல்லி, அடுத்த இரண்டு வாரத்தை உறுதிசெய்யும் காலமாக வைத்திருக்கிறது. நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த முடிவுக்கு வரும் முன், குழந்தை மாத்திரையை வாந்தி எடுத்துவிடவில்லையா, சிறுநீர்த் தொற்றோ காசநோயோ சொத்தைப் பல்லில் சீழோ எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தொற்று இருந்தால் ஸ்டீராய்டு கேட்காதது மாதிரி காட்டும். உங்கள் டாக்டர் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இனி ஸ்லைடுக்கு வருவோம். ஊசியில் வரும் திசு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட கிடையாது. அதை மூன்றாகப் பிரிக்கிறோம். பெரிய பங்கு ஃபார்மலினுக்குப் போகிறது. மெழுகில் பதித்து, இரண்டு மூன்று மைக்ரான் தடிமனில் சீவி, பி.ஏ.எஸ்., வெள்ளி, டிரைக்ரோம் என்று சாயம் ஏற்றிச் சாதாரண நுண்ணோக்கியில் பார்ப்பது அதுதான். இன்னொரு பங்கை உறையவைத்து, எதிரணுக்களோ (ஆன்டிபாடி) காம்ப்ளிமென்டோ (எதிர்ப்புச் சக்திக்கு உதவும் இரத்தப் புரோட்டீன்) எங்கே படிந்திருக்கிறது என்று ஒளிரும் சாயத்தில் பார்ப்பது இம்யூனோஃப்ளோரசன்ஸ். துளியளவு மூன்றாவது பங்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு. இந்த மூன்றாவது எல்லா ஊரிலும் நடப்பதில்லை. செலவு அதிகம், இயந்திரம் சில இடங்களில்தான் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

குளோமருலஸ் என்பது இரத்தத்தை வடிகட்டும் நுண்குழல் முடிச்சு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். நுண்குழல்களின் வெளிப்பக்கத்தை போடோசைட் என்ற செல்கள் கால் விரித்துக் கவ்விப் பிடித்திருக்கின்றன. அந்தக் கால்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிதான் புரோட்டீனை உள்ளேயே நிறுத்தும் கடைசித் தடுப்பு. நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் அடிபடுவது இந்த போடோசைட்தான். கால்கள் மடங்கித் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன, ஆல்புமின் வெளியே கொட்டுகிறது. இது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும். சாதாரண நுண்ணோக்கியில் குளோமருலஸ் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். மினிமல் சேஞ்ச் என்று நாங்கள் எழுதுவது இந்த நிலையைத்தான்.

அடிபட்ட போடோசைட் சில சமயம் பிழைத்துக்கொள்ளும், சில சமயம் கழன்று சிறுநீரோடு போய்விடும். இந்தச் செல் பெருகித் தன் இடத்தை நிரப்பும் ஜாதி இல்லை. ஒரு குளோமருலஸில் போதிய அளவு போடோசைட் போய்விட்டால் அந்தப் பகுதி நுண்குழல் மடிந்து, சுற்றியிருக்கும் உறையோடு ஒட்டி, தழும்பாகிவிடுகிறது. முதலில் எல்லா முடிச்சிலும் வராது, சிலவற்றில்தான் வரும்; அந்தச் சிலவற்றிலும் முழு முடிச்சிலும் வராது, ஒரு ஓரத்தில்தான் வரும். இந்தத் தழும்பு ஒரே ஒரு குளோமருலஸில் கண்ணில் பட்டாலும், வேறு காரணம் இல்லையென்றால், ரிப்போர்ட் எஃப்.எஸ்.ஜி.எஸ். ஆகிவிடும். படாவிட்டால் மினிமல் சேஞ்ச். இரண்டு பெயருக்கும் நடுவே உள்ள தூரம் சில சமயம் அவ்வளவுதான்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் செல்லும். இங்கே பானை அங்கங்கே வெந்திருக்கிறது. கணக்காகவே பார்க்கலாம். ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் பத்தில் ஒரு குளோமருலஸில் தழும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசியில் 10 குளோமருலஸ் வந்தால், அவை பத்துமே தழும்பில்லாதவையாக அமைந்துவிடும் வாய்ப்பு 35 சதவீதம். உங்கள் மகளுக்கு வந்தது மாதிரி 12 என்றால் 28 சதவீதம். 20 கிடைத்தால் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நோய் கொஞ்சம் முற்றி ஐந்தில் ஒன்று தழும்பாகியிருந்தால், 12 குளோமருலஸில் தவறவிடும் வாய்ப்பு 7 சதவீதம்தான். அதாவது ஆரம்ப நிலையில்தான் பயாப்சி அதிகம் ஏமாற்றும். குழந்தைகளுக்கு நாம் பயாப்சி செய்வதோ பெரும்பாலும் ஆரம்ப நிலையில்தான்.

நிஜத்தில் இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்கும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, தழும்பு எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான கார்ட்டெக்ஸும் உள்பகுதியான மெடுல்லாவும் சேரும் எல்லையோரம் இருக்கும் ஆழமான குளோமருலஸ்கள்தான் முதலில் பாதிக்கப்படுகின்றன. இறந்துபோன நெஃப்ரோடிக் குழந்தைகளின் சிறுநீரகங்களைப் பார்த்து ஆர்னால்ட் ரிச் என்பவர் இதை 1957இல் எழுதினார். ஊசி மேலாகப் போய் மேற்பரப்புத் திசுவை மட்டும் எடுத்து வந்தால், எண்ணிக்கை நிறைய இருந்தாலும் அந்த ஆழம் நமக்குக் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். ரிப்போர்ட்டில் கார்ட்டெக்ஸ், மெடுல்லா இரண்டும் வந்திருக்கிறதா என்று ஒரு வரி இருக்கும். பெற்றோர் யாரும் அதைப் படிப்பதில்லை. நான் முதலில் தேடும் வரி அது. இரண்டாவது, ஒரு குளோமருலஸின் குறுக்களவு 150 முதல் 200 மைக்ரான் வரை. நாங்கள் சீவுவது இரண்டு மூன்று மைக்ரான். ஒரே முடிச்சு ஐம்பதுக்கும் மேற்பட்ட சீவல்களில் வரும். நாங்கள் பார்ப்பது அதில் சிலவற்றைத்தான். ஓரத்தில் இருக்கும் தழும்பு நாங்கள் பார்த்த சீவலில் இல்லாமல், அடுத்த இருபதாவது சீவலில் இருக்கலாம்.

அப்படியானால் ரிப்போர்ட் தப்பா? இல்லை. கையில் கிடைத்த 12 குளோமருலஸில் தெரிந்ததை அது சரியாகச் சொல்கிறது. ஒன்று முழுக்கத் தழும்பாகியிருப்பதை வைத்து எஃப்.எஸ்.ஜி.எஸ். என்று எழுதாமல் விட்டதும் சரிதான். ஓரத்தில் மட்டும் வரும் தழும்புக்குத்தான் அந்தப் பெயர். முழுக்கச் சுருங்கிப்போன குளோமருலஸ் ஒன்றிரண்டு, சிறுநீரக நோயே இல்லாத குழந்தைகளிடமும் இருக்கும். ஆனால், தழும்பு உறுதியாக இல்லை என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. பார்த்த இடத்தில் இல்லை என்கிறது, அவ்வளவே. இந்த வித்தியாசத்தை ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி எழுதிவிடலாம். பலர் எழுதுகிறார்கள், பலர் எழுதுவதில்லை.

இதற்கு மேல் போனால் நிச்சயமற்ற பகுதி. மினிமல் சேஞ்சும் எஃப்.எஸ்.ஜி.எஸ்.ஸும் இரண்டு நோயா, ஒரே நோயின் இரண்டு கட்டமா? முதல் பயாப்சியில் மினிமல் சேஞ்ச் என்று வந்து, சில வருடம் கழித்து எடுத்ததில் எஃப்.எஸ்.ஜி.எஸ். என்று வரும் குழந்தைகள் உண்டு. அப்போது முதலில் தவறவிட்டோமா, இல்லை இடையில் மாறிவிட்டதா என்று ஸ்லைடை வைத்துச் சொல்ல வழியில்லை. துறையில் இதற்கு இரண்டு கட்சி இருக்கிறது. என் சாய்வைச் சொன்னால், ஸ்டீராய்டுக்குக் கேட்காத குழந்தையிடம் இந்த இரண்டு பெயரையும் தனித்தனி நோயாக நினைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. போடோசைட் அடிபட்டிருக்கிறது என்பதுதான் நோய். தழும்பு அதன் விளைவு. சமீபத்தில் வந்த சேதியும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. போடோசைட்டின் கால்களுக்கு இடையில் இருக்கும் நெஃப்ரின் என்ற புரோட்டீனுக்கு எதிராகவே உடல் எதிரணு உண்டாக்குவதை 2022இல் மினிமல் சேஞ்ச் நோயாளிகளிடம் காட்டினார்கள். 2024இல் வந்த பெரிய ஆய்வில், நோய் தீவிரமாக இருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எதுவும் தொடங்காத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேரிடம் அந்த எதிரணு இருந்தது. இது ஸ்டீராய்டுக்குக் கேட்காத குழந்தைகளுக்கு எந்த அளவு பொருந்தும், இதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாமா என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. இந்த எதிரணுப் பரிசோதனையை உடனே செய்தாக வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவசரம் ஒன்றுமில்லை.

சந்தேகத்துக்குரிய இன்னும் இரண்டு வார்த்தைகள் இந்த ரிப்போர்ட்டுகளில் அடிபடும். மெசாஞ்சியத்தில் லேசாக ஐஜிஎம் என்ற எதிரணு படிந்திருந்தால் சிலர் அதைத் தனி நோயாகவே எழுதுவார்கள். சி1க்யூ என்ற காம்ப்ளிமென்ட் படிந்திருந்தால் அதற்கும் ஒரு பெயர் உண்டு. தனி நோயா, மினிமல் சேஞ்ச் குடும்பத்தின் சாயலா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை; மருந்தும் பெரிதாக மாறுவதில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இவை இல்லாததால் கடந்து போகலாம்.

இவ்வளவு ஓட்டை இருந்தால் பயாப்சி எதற்கு என்று கேட்பீர்கள். என் கணக்கில் அதன் முதல் பயன், வேறு நோய் எதுவும் இல்லை என்று காட்டுவது. நெஃப்ரோடிக் வேஷத்தில் லூபஸ் வரும், ஐஜிஏ நோய் வரும், சி3 என்ற காம்ப்ளிமென்ட் குறைந்து வரும் குளோமருலஸ் நோய்கள் வரும், வடிகட்டும் சவ்வில் எதிரணு படியும் மெம்ப்ரனஸ் வரும். குழந்தைகளிடம் மெம்ப்ரனஸ் அரிது. வந்தால் ஹெபடைடிஸ் பி வைரஸ் பின்னால் இருக்கிறதா என்று பார்ப்போம். கைக்குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடும் திட்டத்தை 1984இல் தொடங்கிய தைவானில், குழந்தைகளுக்கு மெம்ப்ரனஸ் வருவதே வெகுவாகக் குறைந்துபோனது. இந்த நோய்கள் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அவற்றைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இம்யூனோஃப்ளோரசன்ஸ். உங்கள் மகளுக்கு அதில் எதுவும் படியவில்லை என்ற ஒரு வரி, ‘மினிமல் சேஞ்ச்’ என்ற முடிவு வரியைவிட எனக்குப் பெரிய சேதி. அதில் மாதிரி எடுப்பதன் சிக்கலும் குறைவு. இந்தப் படிவு நோய்கள் பொதுவாக எல்லாக் குளோமருலஸிலும் பரவியிருக்கும். நாலைந்து முடிச்சு கிடைத்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது பயன், பெற்றோர் தாண்டிப் போய்விடும் ஒரு வரியில் இருக்கிறது. ‘டியூபுலர் அட்ரஃபி, இன்டர்ஸ்டீஷியல் ஃபைப்ரோசிஸ்’ என்று எழுதி ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். குளோமருலஸுக்குக் கீழே இருக்கும் சிறுகுழாய்கள் எவ்வளவு சுருங்கிவிட்டன, அவற்றுக்கு நடுவே எவ்வளவு நார் விழுந்திருக்கிறது என்ற அளவு. சிறுநீரகம் நிரந்தரமாக இழந்தது எவ்வளவு என்பதற்கு நோயின் பெயரைவிட இந்த எண் நெருக்கமானது. மினிமல் சேஞ்ச் என்று எழுதிவிட்டு இந்த இடத்தில் 20 சதவீதம் என்று இருந்தால், எங்கோ தழும்பு ஒளிந்திருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன். சுருங்கிய குழாய்களுக்கு மேலே ஒரு குளோமருலஸ் கெட்டிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று இருக்கிறது. நல்லது. இந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் நோயை அடக்கும் அதே நேரத்தில், நீண்ட காலம் போனால் சிறுநீரகத்திலேயே பட்டை பட்டையாக நார் விழச் செய்யலாம், சிறு இரத்தக்குழாய்ச் சுவரைத் தடிக்கச் செய்யலாம். பின்னால் ஒரு பயாப்சி எடுக்க நேர்ந்தால், மருந்து செய்தது எது, நோய் செய்தது எது என்று பிரிக்க இன்றைய அளவு தேவைப்படும்.

ஸ்லைடு சொல்லவே முடியாத ஒன்றுக்குத்தான் மரபணுப் பரிசோதனை. நெஃப்ரினுக்கான மரபணுவை 1998இலும், போடோசைட்டின் இன்னொரு புரோட்டீனான போடோசினுக்கான மரபணுவை 2000இலும் கண்டுபிடித்தார்கள். இப்போது பட்டியல் ஐம்பதைத் தாண்டிவிட்டது. பல நாடுகளின் 1,783 குடும்பங்களைப் பார்த்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு ஒற்றை மரபணுக் கோளாறு கிடைத்தது. பிறந்து மூன்று மாதத்துக்குள் நோய் வந்தவர்களில் அது 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது, ஒன்று முதல் ஆறு வயதுக்குள் வந்தவர்களில் நாலில் ஒருவர். இந்தியக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில் இதைவிடக் குறைவாகவே வந்திருக்கிறது. நம் பக்கத்தில் டாக்டர்கள் கேட்கும் ஒரு கேள்வி, சொந்தத்தில் கல்யாணமா, அத்தை மகனா, தாய்மாமனா என்பது. யாரையும் குற்றம் சொல்ல அல்ல. இந்தக் கோளாறுகளில் பல, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். உறவில் மணந்திருந்தால் அந்த வாய்ப்பு கூடும், அடுத்த குழந்தைக்கும் யோசிக்க வேண்டியிருக்கும். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இது உங்கள் கேள்விக்கு ஏன் முக்கியம் என்றால், மரபணுக் கோளாறால் வந்த நோய் ஸ்லைடில் எஃப்.எஸ்.ஜி.எஸ். ஆகவும் தெரியலாம், மினிமல் சேஞ்ச் ஆகவும் தெரியலாம். ‘மினிமல் சேஞ்ச் இருந்தும் ஏன் கேட்கவில்லை’ என்பதற்குச் சில குழந்தைகளிடம் விடை இதுதான்: போடோசைட்டின் கட்டுமானத்திலேயே குறை. எதிர்ப்புச் சக்தி தாக்கவே இல்லாதபோது அதை அடக்கும் மருந்தால் பெரும்பாலும் பயன் இருக்காது. வீணாக மருந்து கொடுப்பதைத் தவிர்க்கவும், பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் நோய் திரும்பி வருமா என்று கணிக்கவும் அந்த முடிவு உதவும்; மரபணு வகையில் திரும்பி வருவது குறைவு. அபூர்வமாக நல்ல சேதியும் கிடைக்கும்: கோஎன்சைம் க்யூ10 தயாரிக்கும் மரபணுக்களில் கோளாறு என்றால், அதையே மருந்தாகக் கொடுத்தால் சிலருக்குப் புரோட்டீன் குறைகிறது.

அடுத்து வருவதை இணையப் பக்கங்கள் சரியாகச் சொல்வதில்லை. இனிமேல் உங்கள் மகளின் போக்கைத் தீர்மானிப்பதில் பயாப்சியின் பெயருக்கு உள்ள பங்கைவிட, அடுத்த மருந்துக்கு எப்படிக் கேட்கிறது என்பதற்குப் பங்கு அதிகம். இந்தியாவில் பல மையங்கள் சேர்ந்து 131 குழந்தைகளிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வில், டாக்ரோலிமஸ் கொடுத்தவர்களில் 82.5 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் புரோட்டீன் முழுதாகவோ ஓரளவோ நின்றது; சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஊசி போட்டவர்களில் 45.9 சதவீதம். ஸ்டீராய்டுக்குக் கேட்காதவர்களுக்கு முதலில் டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் என்ற வழக்கத்துக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் ஆதாரம். போடோநெட் பதிவேட்டில் பத்து வருடம் கழித்துச் சிறுநீரகம் செயலிழக்காமல் இருந்தவர்கள், புரோட்டீன் முழுதாக நின்றவர்களில் 94 சதவீதம், ஓரளவு நின்றவர்களில் 72 சதவீதம், எதற்குமே கேட்காதவர்களில் 43 சதவீதம். இந்த மூன்று எண்ணையும் பார்த்துவிட்டு ‘நல்ல வகை, கெட்ட வகை’ என்ற பேச்சை யோசித்துப் பாருங்கள். எஃப்.எஸ்.ஜி.எஸ். என்று வந்தும் டாக்ரோலிமஸுக்கு முழுதாகக் கேட்ட குழந்தை, மினிமல் சேஞ்ச் என்று வந்து எதற்கும் கேட்காத குழந்தையைவிட நல்ல நிலையில் இருக்கிறது. டாக்ரோலிமஸின் பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆறு மாதம் கொடுத்தும் ஓரளவுகூட இறங்காவிட்டால்தான் பலன் இல்லை என்று முடிவுகட்டுவது வழக்கம். இரண்டு வாரத்தில் ஸ்ட்ரிப் இன்னும் மூன்று பிளஸ் காட்டுகிறதே என்று ஆஸ்பத்திரி மாற்றாதீர்கள்.

திரும்பவும் பயாப்சி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் எண்ணம். இரண்டாவது ஊசியில் எஃப்.எஸ்.ஜி.எஸ். என்றே வந்தாலும் உங்கள் டாக்டர் கொடுக்கப்போவது இப்போது கொடுக்கும் மருந்துதான். டாக்ரோலிமஸை இரண்டு மூன்று வருடம் தொடர வேண்டி வந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் காரணம் தெரியாமல் ஏறினால், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மருந்து திடீரென்று கேட்காமல் போனால், அப்போது இரண்டாவது பயாப்சிக்கு வேலை இருக்கிறது. பயாப்சியால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே செய்யும்போது, இரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குக் கசிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவதும், சிறுநீரகத்தைச் சுற்றிக் கொஞ்சம் இரத்தம் கட்டித் தானாகக் கரைவதும் அதைவிட அதிகமாக நடக்கும். இருபது லட்சத்தில் பன்னிரண்டு குளோமருலஸ் போனதால் குழந்தைக்கு எந்த இழப்பும் இல்லை.

மறுபடி ஊசி போடாமலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மெழுகில் பதித்த அந்தத் திசு, பிளாக் என்போம், லேபில்தான் இருக்கும். அதிலேயே இன்னும் ஆழமாகச் சீவிப் பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டர் மூலமாகக் கேட்கலாம். முதலில் பார்த்த சீவலில் தெரியாத தழும்பு ஆழமான சீவலில் தெரிவது உண்டு; இதற்குக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக்கூட வேண்டாம். வேறொரு நிபுணரிடம் காட்ட நினைத்தால் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை மட்டும் அனுப்பிப் பயனில்லை. ஸ்லைடுகளும் பிளாக்கும் போக வேண்டும். வாங்கும்போது லேபில் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும், வேலை முடிந்ததும் லேபிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கென்று துளித் திசுவை குளூட்டரால்டிஹைடில் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பல லேப்கள் எடுத்து வைத்துவிட்டு, கேட்டால் மட்டும் அனுப்பும். மினிமல் சேஞ்சா, எஃப்.எஸ்.ஜி.எஸ்.ஸா என்று பிரிக்க அது பெரிதாக உதவாது, இரண்டிலும் கால்கள் ஒட்டியேதான் இருக்கும். ஆனால் குளோமருலஸின் அடிச்சவ்வு, பரம்பரையாக வரும் அல்போர்ட் நோயில் வருவது மாதிரி மெலிந்தோ அடுக்கடுக்காகப் பிரிந்தோ இருக்கிறதா, மைட்டோகாண்ட்ரியா வினோதமாகப் பெருகியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். அப்படி ஏதாவது தெரிந்தால், மரபணு ரிப்போர்ட்டை வாசிப்பவருக்கு எந்த மரபணுவை முதலில் பார்ப்பது என்று தெரிந்துவிடும்.